கெளுத்தி முள் என்று சொன்ன காயம்

மகன்,

உனக்கும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். நேற்றுப் பின்னேரம் நீ போன் எடுத்து என்னிடம் ஒரு சொல் கேட்டாய். தென்மேற்கில் கச்சான் காற்று எழும்ப முதல் மாலைதீவு வேலையை முடித்துக்கொண்டு கல்பிட்டிக்கு வந்துவிடட்டுமா என்றாய். உன்னிடம் பாடம் படித்த அந்த நெட்டை வெள்ளைக்காரர் களப்புக் கரையில் ஒரு கபானாக் குடிலை எடுத்து, பட்டத்தைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்கிக் கைட் ஓட வருகிறவர்களுக்கு ஊசி போடும் அறை ஒன்று திறக்கப் போகிறார். அந்த அறையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "வாப்பா, இந்த முறை எல்லாம் கிளீனாச் செய்வம். நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்" என்றாய். நான் பிறகு கதைப்போம் என்று சொல்லிப் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. போனில் உன்னோடு கதைத்து நான் எந்தக் காலத்திலும் வென்றதில்லை. நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், அதற்குள் லைன் அறுந்துபோகும். அதனால்தான் கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடிந்ததும் உன் தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள். என் எழுத்து விளங்காவிட்டால் அவளிடம் கேள். அவளுக்கும் விளங்காவிட்டால் நல்ல விதமாக நினைத்துக்கொள்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் வாப்பா ஒருபக்கமாகக் கதைக்கிறார் என்று நீ உம்மாவிடம் முறையிட முடியாது. போன சீசனில் கைட் உன்னைத் தூக்கி மணலில் அடித்தது. இடத் தோள் பிசகி, தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாமல், காற்று நல்லாய் வீசும் நாட்களில் நீ கரையில் குந்தியிருந்தாய். உன்னிடம் கைட் பழகிக்கொண்டிருந்த அந்த மனுசன் அதைப் பார்த்து மனமிரங்கித்தான் தன் பையிலிருந்து அந்தச் சின்னக் குப்பிகளை எடுத்துத் தந்தார். அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. பெப்டைட் என்றார். புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகள், உடம்பிலே இருப்பதுதான், கிழிந்ததை ஒட்ட வைக்கும், தங்கள் ஊரில் விளையாட்டுக்காரர்கள் எல்லாம் போடுகிறார்கள் என்றார். நம் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்து, உம்மாவின் இன்சுலினைக் கையில் எடுத்து, இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று அவர் சொன்னபோது சம்பந்தம் பேச வந்தவர்களைக் கண்டதுபோல உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னதில் அந்தச் சொல் பொய்யில்லை. டொக்டரும் பிறகு அதையே சொன்னார். ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காக எல்லாரும் ஒரே ஆளா? உன் பெரியவாப்பாவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். அவரை நம்பி யாராவது ஒரு போட்டைக் கொடுப்பார்களா?

உன் தோள் சுகமானது. அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. நீ என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நீ இன்னும் அப்படித்தான் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய் என்று உம்மா சொல்கிறா. டொல்பின் பார்க்கப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் எஞ்சின் கயிற்றை இழுக்கும்போது என் வலத் தோளில் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கும். எத்தனை எண்ணெய் தேய்த்தாய், எத்தனை குளிசை வாங்கி வந்தாய். கடைசியில் நீ குப்பியைப் பார்த்தாய், நான் கையை நீட்டினேன். உன் கை நல்ல கை. சின்ன வயதிலிருந்தே உம்மாவுக்கு இன்சுலின் போட்டுப் பழகிய கை, ஏறியதே தெரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன், முதல் கிழமை வலி குறைந்ததுபோலத்தான் இருந்தது. அது அந்தப் பொடியாலா, பெற்ற பிள்ளை போட்ட ஊசி என்பதாலா, அல்லது அந்தக் கிழமை முழுக்க நீயே வந்து எஞ்சினை இழுத்துத் தந்ததில் தோளுக்கு ஓய்வு கிடைத்ததாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன் தோள் சுகமானதும் அப்படித்தானோ என்று இப்போது நினைக்கிறேன். நீயும் எத்தனை கிழமை கடலில் இறங்காமல் இருந்தாய் என்று யோசித்துப் பார்.

நாங்கள் ஏன் இவ்வளவு லேசாக நம்பினோம் என்று படுத்திருந்த நாட்களில் நிறைய யோசித்தேன். மன்னாரை விட்டு அகதிகளாக வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்கு மீசை அரும்பும் வயது. கிடுகுக் கொட்டில்களில் இருந்த அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால், வயிற்றோட்டம் வந்தால், யார் யாரோ வந்து மருந்து தருவார்கள். பெயர் தெரியாது, பாஷை தெரியாது. தந்தவர்கள் நல்லவர்கள், அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுக்கட்டும். வாங்குகிறவன் கேள்வி கேட்டால் நன்றி கெட்டவன் என்று ஆகிவிடும் என்பதால் நாங்கள் தருகிறவரின் முகத்தைப் பார்த்து வாங்கிப் பழகினோம், போத்தலைப் பார்த்துப் பழகவில்லை. அந்தப் பழக்கம் கொட்டிலோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஓட்டு வீட்டுக்குள்ளும் வந்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது.

பிறகு நோன்பு வந்தது. நினைவிருக்கிறதா, ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்று நாங்கள் மூன்று பேரும் இருந்து எவ்வளவு ஆராய்ந்தோம். நீ உன் கூட்டாளியிடம் போனாய். சின்ன வயதில் உன்னோடு பந்தடித்து எங்கள் ஜன்னலை உடைத்த அதே பிள்ளைதான், இப்போது பள்ளிவாசலில் மௌலவி. உடம்புக்குச் சத்துக் கொடுக்கிற ஊசி என்றால் நோன்புக்கு ஆகாது, வெறும் மருந்து என்றால் பரவாயில்லை, "இது மருந்தா, சத்தா? அதைச் சொல்லு, நான் சொல்றன்" என்று அவன் கேட்டான். நீ அதை வெள்ளைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டாய். அவர் இரண்டும் இல்லை, லேபிளில் இருப்பதுபோல ஆராய்ச்சிக்கு மட்டும், அது சட்டத்துக்காக எழுதுவது, கணக்கெடுக்காதே என்று பதில் போட்டார். மௌலவி அதைக் கேட்டுவிட்டு, என்ன சாமான் என்று தெரியாமல் தன்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்று கையை விரித்துவிட்டான். நாங்கள் என்ன செய்தோம்? நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுத பிறகு போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை என்று முடிவெடுத்து, எங்கள் கெட்டித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். நோன்புக்குப் பார்த்த பேணுதலில் பாதியை உடம்புக்குப் பார்த்திருக்கலாம். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத இடத்திலேயே நாங்கள் குப்பியை மூடி வைத்திருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததை நீ பாதிதான் அறிவாய், ஏனென்றால் நீ அப்போது களப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். தோள் சிவந்து, வீங்கி, தொட்டால் கொதித்தது. குளிரில் உடம்பு நடுங்கியது. உம்மாவும் நானும் த்ரீவீலில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் உம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் ஓதுகிறா என்று நினைத்தேன், யோசித்துக்கொண்டிருந்திருக்கிறா. டொக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகக் கதைக்கும். இது எப்படி வந்தது என்று கேட்டதும், நான் வாயைத் திறக்க முதல் உம்மா, "கெளுத்தி முள்ளுக் குத்திட்டு டொக்டர்" என்றா. மீன் தொழில் செய்கிற எல்லா வீட்டிலும் இருக்கிற விடைதான். பிள்ளையைப் பொலிஸ் பிடித்துவிடும் என்ற பயம் அவவுக்கு. டொக்டர் என் தோளைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். "தோள்லயா?" என்றார். வலையைத் தோளில் போட்டு வரும்போது அதற்குள் கிடந்த மீன் குத்தியது என்று மிச்சத்தை நான் கட்டினேன். அவ்வளவு காய்ச்சலிலும் அந்தப் பொய் அழகாக வந்தது. டொக்டர் பிள்ளை நம்பி, கடல் காயத்துக்கு எது வேண்டுமோ அந்த மருந்தை ஏற்றினார். வீக்கம் இறங்கவில்லை, முழங்கை வரை வந்தது. கையை நினைத்து எனக்குப் பயம் வந்துவிட்டது. வலக்கை, மகன். அந்தக் கையால்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

அடுத்த நாள் நீ வந்தாய். கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, உம்மா உன் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் நேரே டொக்டரின் மேசைக்குப் போனாய். சட்டைப் பையில் இருந்த குப்பியை எடுத்து வைத்தாய். "முள் இல்ல டொக்டர். நான் போட்ட ஊசி" என்றாய். கட்டிலில் கிடந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் அப்போது என்ன நினைத்தேன் என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. என் பிள்ளை என்னைவிடப் பெரிய மனுசன் என்று நினைத்தேன். அழுதேன், காய்ச்சல் என்று உம்மா நினைத்தா. அன்றைக்கே வீக்கத்தை வெட்டிச் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், மருந்தை மாற்றினார்கள். உண்மை தெரியாமல் இன்னும் இரண்டொரு நாள் போயிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். நீ ஊசி போட்டு என் கையைக் கெடுத்தாய் என்றுதானே நினைத்து மாலைதீவுக்கு ஓடினாய்? நீ வாயைத் திறந்ததால்தான் அந்தக் கை இன்றைக்குத் தோளில் இருக்கிறது. இதை ஒரு தரம் அல்ல, விளங்கும் வரை வாசி.

வீடு திரும்ப முதல் அந்த டொக்டர் பிள்ளையிடம் நான் எல்லாவற்றையும் விளக்கமாகக் கேட்டேன். நீ அப்போது கன்டீனில் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாய். பொடி கெட்டதா, அதைக் கரைத்த தண்ணீர் கெட்டதா, ஊசி கெட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றார், அதுதான் பிரச்சினை என்றார். உம்மாவின் இன்சுலினில் யார் செய்தது, எந்தத் தொகுதி, எந்த நாள் வரை பாவிக்கலாம் என்று எல்லாம் இருக்கிறது. அதில் பிழை வந்தால் எங்கே போய்க் கேட்பது என்று தெரியும். இந்தக் குப்பியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, கிருமி இல்லாமல் அடைத்தார்களா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எலிகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், மனுசரில் போதிய அளவு பார்க்கவில்லை, நாளைக்கு நல்ல மருந்தாக வந்தாலும் வரலாம், இன்றைக்கு அது மருந்து என்று யாரும் பொறுப்பேற்கவில்லை என்றார். சட்டத்தையும் கேட்டேன். இந்த நாட்டில் மருந்து என்றால் அரசாங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவில்லாததைக் கொண்டு வருவதும் விற்பதும் குற்றம், டொக்டர் இல்லாதவர் காசுக்கு ஊசி போடுவது அதற்கு மேல் இன்னொரு குற்றம், தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது என்றார். அந்த வெள்ளைக்காரரின் நாட்டில் என்ன நிலை என்று கேட்டதற்கு, அங்கேயும் இது அனுமதி பெற்ற மருந்து இல்லை, அதனால்தான் ஆராய்ச்சிக்கு என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள் என்றார். இதையெல்லாம் முகத்தைச் சுளிக்காமல் சொன்னார். உன்னைப் பற்றிக் கடைசியாக, உங்கள் மகன் மாதிரி உண்மையைச் சொல்கிறவர்கள் குறைவு என்றார். நான் அதை வீடு வரும்வரை உம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்போது உன் ஊசி அறைக்கு வருகிறேன். கையுறை போடுவோம், அறையைக் கழுவுவோம் என்கிறாய். அறையைக் கழுவலாம், கையைக் கழுவலாம், குப்பிக்குள் இருப்பதை எப்படிக் கழுவுவாய்? வருகிறவர்கள் தங்கள் பொறுப்பில் போட்டுக்கொள்வதாகக் கையெழுத்து வைப்பார்கள் என்று அவர் சொல்கிறாராம். யாருக்காவது என் கைக்கு வந்ததுபோல வந்தால் அவர் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். நீ எங்கே ஏறுவாய்? இந்த ஊரில்தான் இருப்பாய், அடுத்த வருடம் நிக்காஹ் முடித்து இந்த ஊரில்தான் பிள்ளை பெறுவாய். நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அந்த மனுசன் நல்லவர்தான். நல்லவர்களும் தாங்கள் நம்புவதை மற்றவர் தோளில் குத்திப் பார்ப்பார்கள்.

உன் தொழிலில் நீ எப்படி என்று நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். கைட்டை ஏற்ற முதல் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவிப் பார்ப்பாய். காற்று எந்தப் பக்கம் தள்ளும், ஆள் விழுந்தால் எங்கே போய்ச் சேருவான் என்று பார்ப்பாய். மீட்கிற போட் தண்ணீரில் இல்லாவிட்டால் மந்திரியே வந்து கேட்டாலும் பாடம் கிடையாது என்று சொல்லிவிடுவாய். அன்றைக்கு ஒரு பெரிய ஹோட்டல் முதலாளியையே திருப்பி அனுப்பினாயே, அவர் கோபித்துக்கொண்டு போக, நீ உன் பாட்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாய். அந்தப் பையனைத்தான் எனக்குத் தெரியும். இந்த ஊசி அறைக்கு மீட்கிற போட் எது என்று மட்டும் யோசித்துப் பார். நீயே பதில் கண்டுபிடிப்பாய், நான் சொல்லத் தேவையில்லை.

இனி நல்ல செய்தி. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற ஒருவரிடம் என்னை அனுப்பினார்கள். சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி, காலையும் மாலையும் இழுக்கச் சொன்னார். இவ்வளவுதானா வைத்தியம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மா பக்கத்தில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டே, கொஞ்சம் ஏமாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவா. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. விட்டுப்போன நோன்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் களாச் செய்துகொண்டு வருகிறேன். போன கிழமை அலுமாரியின் மேல் தட்டில் இருந்த பெட்டியை நானே இறக்கினேன். உன் தோள் மழை நாட்களில் இன்னும் வலிக்கிறது என்று தங்கச்சியிடம் சொன்னாயாம், எங்களிடம் சொல்லாமல். வா, உனக்கும் ஒரு டியூப் வெட்டி வைக்கிறேன். அந்த உடற்பயிற்சிக்காரர், உன் கைப்பக்குவத்தைப் பற்றி நான் சொல்லக் கேட்டுவிட்டு, விளையாட்டில் அடிபட்டவர்களைப் பார்க்கும் படிப்பு இருக்கிறது, சான்றிதழ் தருவார்கள், கைட் பழக்குகிறவருக்கு நல்லது என்றார். விபரம் கேட்டு வைத்திருக்கிறேன். உன் கைக்கு மற்றவர் நோவைக் குறைக்கிற குணம் இருக்கிறது. அதை ஒளித்துச் செய்யத் தேவையில்லாத இடத்தில் செய்.

நீ போகும்போது விலை கூடிய சாமான், எறிந்துவிடாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டுப் போன குப்பிகள் இன்னும் பிரிட்ஜில் இன்சுலினுக்குப் பின்னால் இருக்கின்றன. கடலில் கொட்டவில்லை, அதற்குள் இருக்கிற மீன் என்ன பாவம் செய்தது. நான் கொண்டுபோய் அரசாங்க மருந்துப் பரிசோதகரிடம் கொடுத்திருக்கலாம், டொக்டர் பிள்ளையும் அவரிடம்தான் ஒப்படைக்கச் சொன்னார். ஆனால் மேசையில் முதல் குப்பியை வைத்தது நீ. மிச்சத்தையும் நீ வைப்பதுதான் சரி என்று காத்திருக்கிறேன். நான் கூட வருவேன். கெளுத்தி முள் கதை கட்டிய உம்மாவும் வருவாவாம், இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறா. நான் நம்பவில்லை. நீ போனதிலிருந்து அவ தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறா. ஒவ்வொரு தரமும், மகன் போட்டா நோகாது என்று எனக்குக் கேட்கும்படி சொல்கிறா.

இன்று காலை போட்டைத் தண்ணீருக்குத் தள்ளினோம். காற்று மாற முதல் கடைசியாக ஒரு தரம் டொல்பின் பக்கம் போய் வரலாம் என்று. பக்கத்துப் போட்காரன் எஞ்சின் கயிற்றைப் பிடிக்க வந்தான். நான் அவனை விலக்கிவிட்டு வலக்கையால் இழுத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே உனக்குப் போன் எடுக்க வேண்டும்போல இருந்தது. எடுக்கவில்லை, இதே கையால் எழுதுவோம் என்று வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கையால் எழுதியது, மகன். கோணல் மாணலாக இருப்பது என் பழைய எழுத்துத்தான், காயத்தைக் குறை சொல்லாதே.

நீ ஒரு சொல் கேட்டாய். அந்த அறைக்கு அது என்னிடம் இல்லை. நான் மறுத்தேன் என்று அவரிடம் சொல், பழியை என் மேல் போடு. ஆனால் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமா என்றும் நீ அதே மூச்சில் கேட்டாய், உனக்கு நினைவிருக்காது. அதற்கு ஓம், மகன். ஓம்.

உன் வாப்பா